ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர்

1. கூட்டம்

சுகாதார ஆய்வாளராக முப்பது வருஷம் ஓட்டியவன் நான். எந்தக் கூட்டத்திலும் என் பேச்சு எடுபடும் என்கிற திமிர் எனக்கு உண்டு. ரிட்டையர் ஆகியும் போகவில்லை. அந்தத் திமிருக்கு மரக்காணம் உப்பளத்தில் ஒருமுறை நல்ல அடி விழுந்தது.

வடக்கே கடலோரம் இருக்கும் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தால் ஜனங்கள் என்ன செய்ய வேண்டும் என்று திட்டம் போட்டோம். எங்கள் ஊர் அவசர வட்டத்துக்கு வெளியேதான். இருந்தாலும் ஒரு ஒத்திகை பார்த்துவைப்போம் என்று மேலே முடிவாயிற்று. சைரன் ஊதினால் உள்ளே போய்க் கதவைச் சாத்து. சொன்னால் மட்டும் அயோடின் மாத்திரை போடு, கர்ப்பிணிக்கு முதலில் கொடு. பஸ் வந்தால் ஏறு. அவ்வளவுதான்.

கூட்டத்தில் உப்பளப் பெண்களின் மேஸ்திரி அஞ்சலை எழுந்தார். "அது இன்னா மாத்திரை சார்?"

கதிரியக்கம் தைராய்டைத் தாக்காமல் தடுக்கிற மாத்திரை என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். "நீங்க ஷெட்ல உப்புல கலக்கறீங்களே, அதே அயோடின்தாம்மா" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். சுலபமாகப் புரியவைத்துவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை.

2. ஒத்திகை

காலை ஒன்பது மணிக்குச் சைரன் ஊதியது. ஒத்திகைக்கான வெற்று மாத்திரைக் கவர்களோடு ஜீப்பில் போனேன். பாத்தி வரப்பில் ஜீப் ஏறாது. இறங்கி நடந்தேன், நேரமாகிவிட்டது.

உப்பளத்தில் நாலு பக்கமும் சுவர் உள்ள இடம் அயோடின் கலக்கும் ஷெட் ஒன்றுதான். பெண்கள் எல்லோரும் அங்கே போய்க் கதவைச் சாத்தியிருந்தார்கள். சபாஷ் என்று நினைத்துக்கொண்டே தட்டினேன்.

உள்ளே ஒரு டப் தண்ணீரில் அஞ்சலை அயோடின் கலந்த உப்பைக் கரைத்துக்கொண்டிருந்தார். "நீங்க வர லேட்டாச்சு சார். நாங்களே அயோடின் கலந்துக்கினோம்."

வரிசையில் முதல் ஆள் அவருடைய மருமகள் செல்வி. ஏழு மாசம். பிரஷர் ஏறியிருக்கிறது, உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறோம். டம்ளர் வாய்க்குப் போய்விட்டது. பாய்ந்து பிடுங்கினேன்.

"இதுல இருக்கற அயோடின் எந்த மூலைக்கும்மா? உப்பே ஆளச் சாய்ச்சிடும்!"

அஞ்சலைக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்கதானே சார் அதே அயோடின்னு சொன்னீங்க? புள்ளத்தாச்சிக்கு மொதல்ல குடுக்கணும்னும் சொன்னீங்க. என் மருமவளுக்கு நான் கெடுதலா பண்ணுவேன்?"

"தப்பு என்னுதும்மா" என்றேன்.

3. அதற்குப் பிறகு

அறிக்கையில் 'மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை' என்று எழுதச் சொன்னார் அதிகாரி. நான் மாட்டேன் என்றேன். 'விளக்கியவர் தவறாக விளக்கினார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜீப்பை நம்பாமல், மாத்திரையை ஷெட்டிலேயே பூட்டிவைக்கவும் ஏற்பாடு செய்தோம்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். விளக்கி முடித்ததும் 'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். 'இப்போ சைரன் ஊதுது, என்ன பண்ணுவீங்க?' என்று கேளுங்கள்.

அடுத்த ஒத்திகையில் அப்படித்தான் கேட்டேன். செல்வி இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். அஞ்சலை எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்.

"சரிம்மா, பூட்டுச் சாவி கெடைக்கல. மாத்திரை இல்ல. அப்போ?"

"கதவச் சாத்திக்கினு குந்திக்கினு இருப்போம் சார். உப்ப மட்டும் தொட மாட்டோம்." என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "நீங்களே வந்து சொன்னாலும் தொட மாட்டோம்."