நிலத்தடி நீருக்கு ஒரு வீடியோ தேடினேன்

1. தேங்காய்

எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்து இறங்கிய அன்று தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், இனிமே சாக்பீஸ்ல பாறை வரைய வேண்டாமுங்க. நெட்டுல எல்லாமே இருக்குது. எடுத்துப் போட்டாப் போதும்" என்றார். நான் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறவள். நிலக்கோளம், நீர்க்கோளம், எரிமலை, நிலநடுக்கம் எல்லாம் என் தலையில்தான். அருள்புரம் பக்கத்தில் இந்த ஒரே பள்ளியில் காலம் தள்ளிவிட்டேன். அடுத்த ஆண்டு ஓய்வு. எடுத்துப் போட்டால் போதும் என்று அவர் சொன்னதை அப்படியே நம்பினேன்.

"பாறை வகைகள்" என்று தமிழில் தேடினேன். கிரானைட் கடை விளம்பரங்கள் வந்தன. "நிலநடுக்கம்" என்று போட்டால் உலகம் எந்த ராசிக்காரருக்கு முதலில் அழியும் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். "நிலத்தடி நீர்" என்று போட்டேன். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டுக்குள் நடக்கிற ஆட்கள் வந்தார்கள். தேங்காய் எழுந்து நின்றால் கீழே தண்ணீர் ஓடுகிறது என்று அர்த்தமாம். பக்கம் பக்கமாகத் தள்ளினேன், எல்லாம் தேங்காய். நான் பிறந்து வளர்ந்தது காங்கேயம். தேங்காயைப் பார்த்து எனக்குச் சலிப்பு வந்தது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான்.

ஆங்கிலத்தில் தேடினால் படம் அருமையாக இருந்தது. பனி உருகி, ஓடையாகி, பச்சைப் புல்வெளிக்குள் இறங்கியது. பேசியவரின் வேகத்துக்குப் பிள்ளைகள் இருக்கட்டும், என்னாலேயே ஓட முடியவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு நானே பேசி ஒப்பேற்றினேன்.

2. எங்க காட்டுல அப்படி இல்லீங்க

ஒருவழியாக ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் ஒரு மாதிரிப் படம் கிடைத்தது. பூமியைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிற படம். மணல், சரளை, களிமண் என்று அடுக்கடுக்காக இருக்கும். ஒரு கிணற்றில் சொட்டுச் சாயம் விட்டால் அது மணலுக்குள் மெதுவாக நகர்ந்து பக்கத்துக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். போர்டில் விரலை வைத்துச் சாயம் விடப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள்.

தர்ஷினி மட்டும் எழுந்து நின்றாள். அவளுடைய அப்பா பனியன் துணியில் படம் அச்சடிக்கும் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அம்மாவைப் பெற்ற அப்புச்சிக்குப் பக்கத்திலேயே தோட்டம்.

"எங்க காட்டுல அப்படி இல்லீங்க டீச்சர். போர் போட்டா கல்லுப் பொடிதானுங்க பறக்குது. மணலே கெடையாதுங்க."

சரியாகத்தான் கேட்டாள். நம் ஊரில் நாலடி தோண்டினால் பாறை. அந்தப் பாறையில் இருக்கும் வெடிப்புகளில்தான் தண்ணீர் ஓடுகிறது. போர்க்காரர்கள் அந்த வெடிப்பைக் கேப் என்பார்கள். கேப் கிடைத்தால் தண்ணீர், இல்லாவிட்டால் புழுதி. இதைக் காட்டுகிற பாடப்படம் தமிழில் எங்கும் அகப்படவில்லை. எங்கே தேடியும் கிடைக்காதது, கடைசியில் போர்வெல் கேமராக்காரர்களிடம் கிடைத்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். போரில் மோட்டார் மாட்டிக்கொண்டாலோ தண்ணீர் குறைந்தாலோ ஒரு ஆள் வந்து கயிற்றில் சின்னக் கேமராவை உள்ளே இறக்கிப் பார்ப்பார். அதைப் பதிவு செய்து, தன் தொழிலுக்கு விளம்பரமாக நெட்டில் போட்டும் விடுவார். நிலத்துக்காரரை யாரும் கேட்பதில்லை. மேல்மண் சரியாமல் இறக்கிய கேசிங் பைப் முடிகிற இடம், அப்புறம் வெறும் பாறைச் சுவர், அதில் வெள்ளையும் கறுப்புமாக வரி, திடீரென்று ஒரு கேப், அதிலிருந்து தண்ணீர் வழிவது என்று எல்லாமே தெளிவாகத் தெரியும். நிலவியல் படித்த எவரும் எனக்கு இப்படி ஒரு பாடம் எடுத்ததில்லை. பல்லடம் பக்கம் எடுத்த வீடியோ ஒன்றை முதல் கேப் வரும் வரைக்கும் பார்த்தேன். "பாருங்க சாமி, சைடுல இருந்து தண்ணி வருதுங்க" என்று கேமராக்காரர் சொல்லுகிற இடம் வந்ததும் நிறுத்தினேன். மனம் நிறைந்துபோனது. மீதியை வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

3. சிவப்பு

மறுநாள் வகுப்பில் போட்டேன். கேமரா இறங்குவதற்கு முன் தோட்டம் தெரிந்தது. ஒரு மோட்டார் ரூம், நீலக் கதவு, வேலியோரம் இரண்டு தென்னை.

"டீச்சர், இது எங்க அப்புச்சி தோட்டமுங்க" என்று தர்ஷினி துள்ளி எழுந்தாள். வகுப்பே கைதட்டியது. எனக்கும் பெருமைதான். நம் ஊர்ப் பாறையையே போர்டில் கொண்டுவந்துவிட்டேன் அல்லவா.

கேமரா இறங்கியது. பாறையின் வரிகளைக் காட்டிக் கேள்வி கேட்டேன், பதில் சொன்னார்கள். முதல் கேப்பில் தெளிந்த தண்ணீர் வழிந்தது. இன்னும் கீழே போனது. அடுத்த கேப் வந்தது. அதிலிருந்து வழிந்தது கருஞ்சிவப்பு. பாறைச் சுவர் முழுக்கச் சிவப்பாக ஊறிப்போயிருந்தது. மேலே நின்ற யாரோ, "கேமராவத் தூக்கிருங்க" என்று சொன்னது கேட்டது. வீடியோ முடிந்துபோனது.

வீடியோவைப் பின்னால் தள்ளி அந்த இடத்தை மறுபடி போட்டேன். பின் பெஞ்சில் இருந்த முத்துமாரி எழுந்தாள். தென்காசிப் பக்கமிருந்து வந்த குடும்பம். அம்மா பனியன் கம்பெனியில் டெய்லர். தர்ஷினியின் அப்புச்சி தன் தோட்டத்து ஓரத்தில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற லைன் வீடுகளில் ஒன்றில் இருக்கிறார்கள்.

"அந்தத் தண்ணியத்தான் டீச்சர் நாங்க குடிக்கோம்" என்றாள். "லேசா ரோஸ் கலர்ல வரும். டேங்குக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கு, அதான்னு ஓனர் வீட்டுல சொன்னாவ. அம்மா வேஸ்ட் பனியன் துணியில வடிகட்டித்தான் குடுப்பா."

அழுகையோ கோபமோ அவள் குரலில் இல்லை, கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். தர்ஷினி திரும்பி முத்துமாரியைப் பார்த்தாள். அந்த லைன் வீடுகளில் இருந்து வருகிற பிள்ளைகள் கை தூக்குங்கள் என்றேன். தூக்கிய பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொண்டேன். இன்றிலிருந்து அந்தத் தண்ணீர் வேண்டாம், சமையலுக்கும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

4. மாப்பள

அன்று பள்ளி விட்டதும் நேராகத் தோட்டத்துக்குப் போனேன். தர்ஷினியின் அப்புச்சி சின்னச்சாமி மாட்டுக்குத் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தார். வீடியோ நெட்டில் இருக்கிறது என்றதும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"நெட்டுல போட்டுட்டானுங்களா? யாருக்கும் காட்டாதேன்னு காசு குடுத்துச் சொன்னனுங்களே."

"எங்கிருந்து வருதுங்க இந்தச் சிவப்பு?"

அவர் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பட்டறையைப் பார்த்தார். மகளுக்குக் கொடுத்த இடம் அது. அங்கே ஒரு போர் காய்ந்துபோய்ப் பல காலம் ஆகிறது. காய்ந்த போரை இங்கே யாரும் மூடுவதில்லை. மாப்பிள்ளை அச்சடிக்கிற ஸ்கிரீனில் ஒட்டிய சாயத்தைக் கழுவுகிற தண்ணீரை ஒரு பைப் போட்டு அதற்குள் விட்டுக்கொண்டிருந்தார்.

"அவங்க என்ன கலர் ஓட்டறாங்களோ அதுவே இங்க வருதுங்க டீச்சரம்மா. நீலம் ஓட்டுனா நீலம். தை மாசத்துல இருந்து பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்."

"தை மாசத்துல இருந்தா? இப்ப ஆடியாச்சுங்களே. நீங்க என்ன தண்ணி குடிக்கறீங்க?"

"கேன் வாங்கறமுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. "லைன் ஊட்டுக்காரங்களுக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னா ஏன்னு கேப்பாங்கல்லங்க. அப்புறம் மாப்பள பேரு வெளிய வரும். பொண்ணக் குடுத்த எடமுங்க. மாப்பளகிட்ட நான் போயி எப்படிங்க கேக்கறது? மனசு நொந்துட்டா எம்பொண்ணுதானுங்க கஷ்டப்படோணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அந்த வீடியோவ அழிச்சுப் போடுங்க டீச்சரம்மா. உங்களக் கையெடுத்துக் கும்படறேன்" என்றார்.

எங்கள் பக்கத்து மரியாதையை நான் குறை சொல்கிறவள் இல்லை. மாப்பிள்ளை வந்தால் மாமனார் எழுந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள்தான். ஆனால் அந்த மரியாதை பிள்ளைகளின் குடத்துக்குள் சாயமாக வந்து இறங்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அழிக்க முடியாது, அது என் வீடியோ இல்லை, என்னுடையதாக இருந்தாலும் அழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

5. ஒரு கேள்வி

மறுநாள் தர்ஷினியின் அப்பா பள்ளிக்கே வந்துவிட்டார். மகள் வீட்டில் சொல்லியிருக்கிறாள். சண்டைக்குத்தான் வருகிறார் என்று தலைமை ஆசிரியர் ரூமை விட்டு வெளியே வரவில்லை. அவரோ செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வகுப்பறைக்குள் வந்தார்.

"அது காஞ்ச போருங்க டீச்சர். ரோட்டுல உட்டாத்தான் தப்புன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. பூமிக்குள்ள போனா பூமியே சுத்தம் பண்ணிக்கும்னு எல்லாருஞ் சொல்றாங்க."

மணல் என்றால் கொஞ்சமாவது வடிகட்டும், நம் பாறை வெடிப்பு எதையும் வடிகட்டாது, பைப்பில் போகிற மாதிரி போய்ச் சேர்ந்துவிடும் என்று போர்டைப் போட்டுக் காட்டினேன். மணல் படத்தையும் போர் வீடியோவையும் பார்த்தார்.

"மாமாவுக்குத் தெரியுமுங்களா?"

"தை மாசத்துல இருந்தே தெரியுமுங்க."

பிள்ளைகள் உட்கார்கிற பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "போன வாரங்கூட எங்க ஊட்டுல வந்து சாப்புட்டாருங்க. ஒரு வார்த்தை சொல்லலீங்களே. சொல்லியிருந்தா அன்னைக்கே மூடியிருப்பனுங்க" என்றார். அவரைத் திட்டத்தான் தயாராக நின்றேன். திட்டாமல் போய் ஃபேனைப் போட்டேன்.

அன்று சாயங்காலமே காய்ந்த போரின் வாயை மூடினார். கழுவுகிற தண்ணீருக்குத் தொட்டி கட்டி, சுத்திகரிப்பு நிலையத்துக்கு லாரியில் அனுப்ப ஏற்பாடு செய்தார். லைன் வீடுகளுக்கு லாரித் தண்ணீர் வந்தது. இதையெல்லாம் நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்று நான் பிடிவாதமாக இருந்ததால், மாமனாரும் மாப்பிள்ளையும் சேர்ந்து லைன் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நடந்ததைச் சொன்னார். முத்துமாரியின் அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எப்பயிருந்து தெரியும்?"

சின்னச்சாமி தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். அவள் இடுப்பிலிருந்த கைக்குழந்தையை மாற்றி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் போர் இன்றும் தெளியவில்லை. பாறைக்குள் போன சாயம் எப்போது போகும் என்று முத்துமாரி என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நானும் தேடிக்கொண்டே இருக்கிறேன். அதற்குப் பதில் சொல்கிற பக்கம் எதுவும் இதுவரை கண்ணில் படவில்லை, தெரியாது என்றுதான் அவளிடம் சொல்கிறேன்.

இளம் ஆசிரியர்கள் என்னிடம் யோசனை கேட்டால், நெட்டில் எடுக்கிற வீடியோ எதையும் கடைசி வரைக்கும் பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று சொல்கிறேன். அதுதான் முறை. ஆனால் அன்று நான் அந்த முறைப்படி நடந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே நன்றாகத் தெரியும். சிவப்பைப் பார்த்ததும், பாடத்துக்கு ஆகாது என்று அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றைத் தேடியிருப்பேன். முத்துமாரி இன்னும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருப்பாள்.