பின்னந்தலைக் கோப்பு

முடிதிருத்தும் கடைக்காரர் பதினொரு வருடமாக ஒரு வழக்கம் வைத்திருந்தார். வெட்டி முடித்ததும் வாடிக்கையாளரின் பின்னந்தலையைப் படமெடுத்து, தேதி போட்டுக் கணினியில் சேமிப்பார். "போன தடவை மாதிரியே" என்று யாராவது வந்து உட்கார்ந்தால், அதைப் பார்த்து அச்சு அசலாக வெட்டுவார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவருக்குப் புகைப்படப் பயிற்சி வகுப்பு. கேமராவில் முழு சார்ஜ் இருக்க வேண்டும், கணினியில் இருபது ஜிபி காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேர்க்க மாட்டோம் என்று கடிதம் வந்திருந்தது. சார்ஜ் ஏறிவிட்டது. காலி இடமோ பதினாறு ஜிபிதான்.

"ஒரு தலையைக்கூட அழிக்க முடியாதும்மா. எல்லாம் நம்ம பிழைப்பு," என்றார் மனைவியிடம்.

"வழுக்கை விழுந்தவங்க படம் எதுக்குங்க? அவங்க வந்து போன தடவை மாதிரி வேணும்னா முடிக்கு எங்க போவீங்க?"

அவருக்குப் பொறி தட்டியது. எண்பத்தாறு பேரின் படங்களை அழித்தார். காலி இடம் இருபதுக்கு ஒரு நூலளவு குறைவாக வந்து நின்றது.

"இனி உன் தம்பி ஒருத்தன்தான் மிச்சம்," என்றார் மெல்ல.

"என் தம்பிக்கு இன்னும் முடி இருக்கே."

"படத்துல இருக்கு."

மனைவி திரையை எட்டிப் பார்த்தாள்.

"அழிச்சிடுங்க. அவன் கேட்டா மட்டும் கம்ப்யூட்டர் ரிப்பேருன்னு சொல்லிடுங்க."