குடியரசு தினமும் மில் முதலாளியின் அப்பாவும்

திண்டிவனம் கடைத்தெருவில், ஒரு ஜனவரி 26 காலையில், மைக் முன்னால் நின்ற பெரிய மனிதர் ஒருவர் “எங்கப்பாவக் காணோமே!” என்று அலறினார்.

காரணம் நான்தான்!

(அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனி யாரும் என்னை வேலையை விட்டு எடுக்க முடியாது. அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன்.)

அது 1960. எனக்குப் பத்தொன்பது வயது. விழுப்புரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை. அங்கிருந்த ஒரே தமிழ் மெஷினுக்கு நான்தான் மகாராணி!

குடியரசு தினத்துக்கு இரண்டு நாள் முன்னால் திண்டிவனத்து அரிசி மில் முதலாளி வந்தார். என் அண்ணன் அவரிடம்தான் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். கடைத்தெருவில் கொடி ஏற்றிப் பேசப்போகிறாராம். பேச்சை டைப் அடித்துத் தரவேண்டுமாம்.

“எழுதிக்கம்மா. 1930, இதே ஜனவரி 26. எங்கப்பா வெள்ளக்காரன் போலீசு எதிர்லயே கொடி ஏத்துனாரு. தடியால மண்டையப் பொளந்துட்டாங்க. அப்பவும் கொடிய வுடல. சேதி டெல்லிக்குப் போச்சி. அதனாலதான் இந்த நாளுக்கு நாடு பூரா லீவு வுட்டுக்கினு இருக்காங்க!”

என் விரல்கள் மெஷின் மேலேயே நின்றுவிட்டன.

அப்போது நான் சர்க்கார் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். 1930 ஜனவரி 26 அன்று ஊர் ஊராக ஜனங்கள் கூடி, முழு விடுதலைதான் வேண்டும் என்று உறுதிமொழி எடுத்தார்கள். ஆனால் விடுதலை வந்தது ஆகஸ்ட் 15-ல். பழைய தேதி அநாதையாகிவிட்டது. அரசியல் சட்டத்தை 1949 நவம்பர் 26 அன்றே ஏற்றுக்கொண்டும், அந்தப் பழைய தேதிக்காகவே இரண்டு மாதம் காத்திருந்து, 1950 ஜனவரி 26-ல் முழுசாக அமலுக்குக் கொண்டுவந்தார்கள்.

(இதில் மண்டை உடைந்த மில்காரர் எங்குமே இல்லை!)

“நான் படிச்சது வேற மாதிரி இருக்குதுங்களே...”

“பொம்பளப் புள்ள, சொன்னத மட்டும் அடிம்மா.”

அவர் போனதும் இன்ஸ்டிடியூட் மாஸ்டரிடம் முறையிட்டேன்.

“ரெண்டு பேரு சொல்றதும் தப்பு. வெள்ளக்காரன் ஆகஸ்ட்ல கெளம்பிட்டான். அவன் சாமானெல்லாம் கப்பல்ல ஏத்தி முடிஞ்சது ஜனவரியில. அதுக்குத்தான் ரெண்டாவது லீவு!”

அண்ணனிடம் கேட்டேன்.

“ஆகஸ்ட்ல மழை பேஞ்சி முட்டாயி நனைஞ்சிடுதில்ல? அதான் ஜனவரியில இன்னொரு தபா வெச்சிட்டாங்க.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பேச்சிலிருந்து அப்பாவைத் தூக்கிவிட்டு, நான் படித்ததை அப்படியே அடித்தேன். முதலாளியின் ஆள் வந்து உறையை வாங்கிக்கொண்டு போனான்.

மறுநாள்தான் அண்ணனின் வேலை ஞாபகத்துக்கு வந்தது!

அலறி அடித்துக்கொண்டு, அவர் சொன்னபடியே இன்னொரு பிரதி அடித்தேன். இருபத்தாறாம் தேதி விடிந்ததும் அண்ணனின் லாரியில் ஏறினேன். கூட்டம் தொடங்குவதற்குள் தாளை மாற்றிவிடலாம் என்று திட்டம். வழியில் டயர் பஞ்சர். கடைத்தெருவில் இறங்கும்போது முதலாளி மேடையில் படித்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 26-ஐத் தாண்டிக் கடைசி வரி வரை கம்பீரமாகப் படித்தார். தாளைத் திருப்பினார். பின்பக்கம் பார்த்தார். உறைக்குள் விரலை விட்டுத் துழாவினார்.

“எங்கப்பாவக் காணோமே!”

மைக்கில் தெரு முழுக்கக் கேட்டது.

கூட்டத்தின் நடுவிலிருந்து ஊர்க் கல்யாணங்களுக்குச் சமைக்கும் மாரிமுத்து எழுந்து நின்றார்.

“அந்த 1930 ஜனவரி 26 அன்னிக்கு உங்கப்பா செஞ்சியில ஒரு கல்யாணப் பந்தியில இருந்தாருங்க மொதலாளி. நான்தான் சாம்பாரு ஊத்துனேன்!”

தெருவே சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. மேடையை விட்டு இறங்கி நேராக மில்லுக்கு நடந்தார்.

“என் சோத்துல மண்ணப் போட்டுட்டியேடி” என்றான் அண்ணன். அவனை நிமிர்ந்து பார்க்கவே எனக்குத் தெம்பில்லை.

கொஞ்ச நேரத்தில் மூன்று பேருக்கும் அழைப்பு வந்தது. எனக்கு, அண்ணனுக்கு, மாரிமுத்துவுக்கு.

“மொதலாளி, பேச்ச நான்தான் மாத்தினேன். எங்கண்ணனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மாரிமுத்துவிடம் மெல்லக் கேட்டார்.

“அவரு மண்டையில தழும்பு இருந்திச்சேய்யா? சின்னப்புள்ளையில அதத் தொட்டுப் பாத்துக்கினேதான் நான் தூங்குவேன்.”

மாரிமுத்து தயங்கினார்.

“அது... பந்தியில பாயசம் பத்தலன்னு அடிதடி ஆயிடுச்சிங்க. கரண்டி நம்முளுது. ஆனா அடிச்சது நான் இல்லீங்க!”

“பாயசத்துக்கா?”

“ரெண்டாவது தபா கேட்டதுக்குங்க.”

முதலாளியின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து அண்ணன் தண்ணீர் எடுக்க ஓடினான். சிரிப்பு! கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரிப்பு. நடுவில் எங்கேயோ கொஞ்சம் அழுதாரோ என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அந்த நவம்பர் சமாச்சாரமாவது நெசமா?”

“நெசங்க.”

“அப்பா சொன்னத நான் ஒரு நாளும் ஆரையும் கேட்டுப் பாக்கல. நீ வெவரமாப் படிக்கிற. படி.”

அண்ணன் வேலை தப்பியது.

அடுத்த ஜனவரியில் அவரே இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார். “ஒரு தாளு போதும்மா” என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். மேடையில் அவர் அதைப் பார்க்காமலே பேசினார்.

“அன்னிக்கு நாடே கூடி உறுதிமொழி எடுத்துச்சி. எங்கப்பா பாயசத்துக்கு ஒத வாங்கிக்கினு வந்தாரு. உறுதிமொழி எடுத்தவரு புள்ளைக்கும் ஒரு ஓட்டு. ஒத வாங்குனவரு புள்ளைக்கும் ஒரு ஓட்டு. அதாங்க குடியரசு!”

கடைத்தெருவில் கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

நீங்களே சொல்லுங்கள், இதைவிடத் தெளிவான விளக்கம் உங்கள் பாடப் புத்தகத்தில் இருந்ததா?