செட்டாப் பாக்ஸும் என் கைராசியும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு — என் மைத்துனர் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து. ஆறு பேருக்கும் இட்லி மாவு கரைத்த கை இது. படிப்பு என்று பார்த்தால் மூன்றாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடுவேன். பெரிய எழுத்தாக இருந்தால் கூட்டிக் கூட்டிப் படிப்பேன்.

நீங்கள் இந்தப் பக்கத்தில் வாரா வாரம் படிப்பதெல்லாம் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி நித்யா போனில் தட்டுவது. ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்தவள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும். எழுத்து மட்டும் அவள் அம்மா ரேவதி, அதாவது என் மருமகள், பிடித்து உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். "நீ பேசற மாதிரியே எழுதட்டுமா ஆயா?" என்று முதல் வாரம் நித்யா கேட்டாள். "கொஞ்சம் இஸ்திரி போட்டு எழுதுடி, நாலு பேர் பாக்கறது" என்றேன்.

இஸ்திரி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தினம் ஒரு சட்டைக்காகப் பெட்டியைச் சூடு பண்ணாதீர்கள். வாரத்துத் துணியை ஒரே மூச்சில் போடுங்கள். கடைசித் துணிகளுக்கு வரும்போது ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். மிச்சச் சூடே போதும்.

என்னடா, கிழவி திடீரென்று கரன்ட் ஆபீஸ்காரி மாதிரி பேசுகிறாளே என்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

போன மாதம் எங்கள் மெட்டுகுடா அபார்ட்மென்ட்டில் ஒரு மீட்டிங். வீட்டில் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது எப்படி என்று ஒரு தம்பி வந்து பேசினார். எனக்கு அதில் பாதி தெரிந்த சங்கதிதான். பருப்பை ஊற வைத்து வேக வைப்பேன். பாத்திரத்தை மூடாமல் எதையும் கொதிக்க விட மாட்டேன். சூடாக இருப்பதை ஃப்ரிட்ஜுக்குள் தள்ள மாட்டேன். மேற்கு ஜன்னலுக்கு வெயில் வருவதற்குள் திரை இழுத்துவிடுவேன் — சித்திரையில்கூட எங்கள் ஹாலுக்கு ஃபேன் போதும்.

ஆனால் ஒன்று எனக்குப் புதிது. ரிமோட்டில் அணைத்தாலும் சிவப்புப் பொட்டு எரிகிற வரை மிஷின் தூங்கவில்லை என்றார் அந்தத் தம்பி. ராத்திரி முழுக்கக் கரன்ட்டை இழுத்துக்கொண்டேதான் இருக்குமாம்.

வீட்டுக்கு வந்து சுற்றிப் பார்த்தேன். மைக்ரோவேவில் ஒரு பொட்டு. தண்ணீர் மிஷினில் ஒரு பொட்டு. போனே இல்லாத சார்ஜரில் ஒரு பொட்டு. வீடா, விளக்குக் கடையா?

அன்றிலிருந்து படுக்கப் போகும் முன் எல்லாப் பொட்டையும் அழித்துவிட்டுத்தான் படுப்பது என்று வைத்துக்கொண்டேன். எல்லோரும் பயந்து ஒதுங்கினார்கள். ரேவதி மட்டும் ஒன்று கேட்டுக்கொண்டாள்.

"டி.வி. பக்கம் மட்டும் நான் பாத்துக்கறேன் அத்தை. நீங்க குனிஞ்சு சிரமப்பட வேணாம்."

சீரியல் ஏதோ ரெக்கார்ட் ஆகிறது போலிருக்கிறது என்று விட்டுக் கொடுத்தேன்.

இப்போது இட்லிக்கு வருகிறேன். மார்கழியில் ஹைதராபாத்துக் குளிர் உங்களுக்குத் தெரியும். இந்தக் குளிரில் யார் வீட்டிலும் மாவு லேசில் பொங்காது. எங்கள் வீட்டில் மட்டும் பொங்கும். ஏன்? என் கைராசி. அப்படித்தான் எங்கள் பிளாக் முழுக்கப் பேச்சு... பேச்சைக் கிளப்பியதும் நான்தான். எதிர் ஃப்ளாட்டில் ஒரு கோயம்புத்தூர்ப் பெண், ஐ.டி.யில் வேலை, போன வாரம்கூட வந்து, "பாட்டி, என்ன போட்டுக் கரைக்கறீங்க?" என்று கேட்டது. "போடறதுல ஒண்ணும் இல்லம்மா. கைதான்" என்றேன்.

என் மாமியார் போட்ட சட்டம் ஒன்றும் உண்டு. உப்புப் போட்டுக் கரைத்து மூடிவிட்டால் விடியும் வரை நான் மாவு இருக்கும் பக்கமே திரும்ப மாட்டேன். கண் பட்டால் பொங்காது.

இந்தப் பெருமையை நித்யா ஆபீஸ் வரைக்கும் கொண்டு போய்விட்டாள். அங்கே கிரண் என்று ஒரு பையன். தெலுங்குக்காரர்கள், பட்டான்செரு பக்கம் வீடு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். எங்களுக்குச் சம்மதம். பையனின் அம்மா பத்மா காருவுக்குத்தான் (காரு என்றால் தெலுங்கில் மரியாதைச் சொல், நம் 'அவர்கள்' மாதிரி) மனசு இரண்டுபட்டுக் கிடந்தது. பேச்சு வேறு, சாப்பாடு வேறு, இந்தப் பெண் எங்கள் வீட்டில் ஒட்டுமா என்று.

அவர்கள் வீட்டில் உளுந்து அரைத்து, ரவை கலந்து, பொங்க வைத்துத்தான் இட்லி. நித்யா சும்மா இருக்கிறாளா? "எங்க ஆயா அரிசியில பண்ற இட்லியைத் தின்னுட்டு அப்புறம் பேசச் சொல்லு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அந்த அம்மாவும், "சரி, ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்கு வருகிறேன். டிபனுக்கு மட்டும்தான், எதையும் முடிவு பண்ண இல்லை" என்று பதில் அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை நானே உட்கார்ந்து கரைத்தேன். ரேவதி வீடு பூராவும் துடைத்துக் கழுவி, திரை மாற்றி, களைத்துப்போய் என்னைவிட முன்னால் தூங்கிவிட்டாள். நான் படுக்கப் போகும்போது பார்த்தால், டி.வி.க்குக் கீழே, கதவு இடுக்கில் அந்தச் சிவப்புப் பொட்டு. இன்றைக்கு நாம் பார்த்துக்கொள்ளலாமே என்று சுவரிலேயே ஸ்விட்சை அணைத்தேன்.

நல்ல காரியம்தானே?

காலையில் எழுந்து வந்தால் டி.வி. ஸ்டாண்டின் கீழ்க்கதவு திறந்து கிடக்கிறது. அதற்கு முன்னால் ரேவதி தரையில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் என் மாவுத் தூக்கு.

"மாவு இங்க என்னடி பண்ணுது?"

"அத்தை, ராத்திரி செட்டாப் பாக்ஸை நீங்க நிறுத்தினீங்களா?"

"ஆமா. செவப்பா எரிஞ்சுக்கிட்டு இருந்துது. நீ அசந்து தூங்கிட்ட. அதுக்கும் இதுக்கும் என்ன?"

அவள் மூடியைத் திறந்து காட்டினாள். மாவு நேற்று நான் விட்ட இடத்தில் அப்படியே கிடந்தது. ஒரு நுரை, ஒரு குமிழ் கிடையாது.

நித்யா பல் தேய்த்துக்கொண்டே வந்தாள். "ஆயா, சலிகாலத்துல அம்மா எப்பவும் மாவை இதுக்குள்ளதான் வெக்கும். பாக்ஸ் மேல. வேடிகா இருக்கும்ல?"

சலிகாலம் என்றால் குளிர்காலம். வேடி என்றால் சூடு. இவள் தமிழ் இப்படித்தான்.

"எப்பவும்னா?"

"நான் ஸ்கூல் போறப்பலேருந்து."

"நீ சும்மா இருடி" என்றாள் ரேவதி.

"அதுக்கு முன்னாடி?" என்று அவளிடமே கேட்டேன்.

"அதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் மேல வெப்பேன் அத்தை" என்றாள் மெதுவாக. "நீங்க எந்திரிக்கறதுக்குள்ள எடுத்து மேடையில வெச்சிருவேன்."

நான் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லோர் கையையும் போல ஒரு கை.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொல்லி என்ன ஆவப்போவுது? மாவு பொங்குச்சுல்ல."

அதைப் பிடித்துக்கொண்டு நிற்க நேரமில்லை. ஒன்பது மணிக்குப் பத்மா காரு வந்துவிடுவார்.

நித்யா போனை எடுத்து, "ஹோட்டல்லேருந்து வரவழைச்சிடலாம் ஆயா, ஹாட் பேக்ல போட்டுட்டா யாருக்குத் தெரியும்?" என்றாள்.

"நக்கோ" என்றேன், வேண்டாம் என்று. நாங்கள் அரக்கோணத்துக்காரர்கள்தான். ஆனால் என் வீட்டுக்காரர் ரயில்வே வேலையாக இந்த ஊருக்கு வந்ததில் இந்த மாதிரிச் சில வார்த்தைகள் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டன. "சம்பந்தம் பேசற வீட்டுல பொய் இட்லியா?"

"அப்ப உப்புமா கிண்டிடறேன்" என்றாள் ரேவதி.

"நல்லா இருக்கு. உப்புமா போட்டா வந்தவங்க வாசலோட திரும்பிப் போயிருவாங்க. மொதல்ல அவங்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லுங்க."

ரேவதிதான் போன் பண்ணினாள். பத்மா காருவின் வாய் "பர்வாலேதண்டி", பரவாயில்லை என்றது. குரல் சுருங்கிவிட்டது. நேரத்தை மாற்றினால் மனசு மாறிவிட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நித்யா நகத்தைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வாயாடிப் பெண் வாயே திறக்கவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

யோசித்தேன். அந்தப் பாக்ஸ் என்ன கொடுத்தது? கொஞ்சம் வெதுவெதுப்பு. அவ்வளவுதானே. அதை வேறு எங்கே வாங்கலாம்?

எங்கள் வீட்டில் ஒரு பழைய ஐஸ் பெட்டி உண்டு. ரயிலில் ஊருக்குப் போகும்போது தண்ணீர் எடுத்துப் போக வாங்கியது. நான் அதில் பருப்பு வேக வைப்பேன். சிரிக்காதீர்கள். குக்கரில் ஒரு விசில் வந்ததும் அடுப்பை அணைத்து, குக்கரைப் பழைய கம்பளியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால், நான் கோயிலுக்குப் போய் வருவதற்குள் பருப்பு தானாக மசிந்திருக்கும். குளிர்ச்சியை வெளியே விடாத பெட்டி சூட்டையும் விடாது.

"கீசர்ல எல்லாரும் குளிச்சு மிஞ்சின வெந்நி இருக்குமே, அதை ஒரு பாத்திரத்துல பிடிச்சுக் கொண்டா" என்றேன் ரேவதியிடம். தினமும் அந்தச் சூடு கீசருக்குள்ளேயே ஆறிப் போகிறது. யாராவது நினைத்துப் பார்க்கிறோமா?

வெந்நீர்ப் பாத்திரம் ஒரு பக்கம், மாவுத் தூக்கு ஒரு பக்கம். பெட்டியை மூடி, மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் நல்ல வெயிலில் வைத்தோம். மார்கழி என்றாலும் ஹைதராபாத்தில் வெயிலுக்குக் குறைவில்லை. நித்யாவின் கறுப்பு ஜாக்கெட்டை மேலே போர்த்தினேன். கறுப்புத் துணி வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் — துணி காயப் போடுகிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

சங்கராந்தி நெருங்குகிறதே, அக்கம்பக்கத்து மாடியெல்லாம் பட்டம். எந்தப் பையன் எந்தப் பக்கம் ஓடி வந்து பெட்டியில் இடிப்பானோ என்று நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. படியில் கொலுசுச் சத்தம். திரும்பிப் பார்த்தால் பட்டுப் புடவையில் ஒரு அம்மா மூச்சு வாங்க நிற்கிறார். பின்னாலேயே ரேவதி, முகமெல்லாம் வெளிறி. நாங்கள் சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே பத்மா காரு வந்துவிட்டார். ஏதோ விஷயம் இருக்கிறது, நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று கிளம்பி வந்திருக்கிறார்.

"ஏமிட்டண்டி இதி?" என்றார், ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெட்டியைக் காட்டி.

மழுப்பலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் பெட்டிக்கு ஜாக்கெட் போட்டதற்கு என்ன மழுப்பல் இருக்கிறது? எனக்குத் தெரிந்த தெலுங்கில் எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புப் பொட்டு, நான் அணைத்தது, கைராசி கப்பலேறியது... எல்லாம்.

ரேவதி என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பத்மா காரு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை. பாராபெட் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"பெத்தம்மா, எங்க வீட்டுல இன்வெர்ட்டர் மேல" என்றார் தெலுங்கில். "அது எங்க மாமியாருக்குத் தெரியாது. அவங்களும் தன் கைதான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காங்க."

"நீங்க சொல்லலையா?"

"எதுக்குச் சொல்லணும்? சந்தோஷமா இருக்காங்க, இருக்கட்டும்."

அவரும் ரேவதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைக்கு மொழி வேண்டியிருக்கவில்லை. அதில் எனக்கு இடமும் இல்லை. நான் பட்டத்தைப் பார்த்தேன்.

பொழுது உச்சிக்கு வந்ததும் மூவருமாகப் பெட்டியைத் திறந்தோம். மாவு மூடியை முட்டிக்கொண்டு நின்றது.

அன்றைக்கு எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு இட்லிதான். பத்மா காரு போதும் என்று சொல்லும் வரை போட்டோம். அவர் சீக்கிரம் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேர்ந்த கிரண் வேறு வாய் நிறைய வைத்துக்கொண்டு, "ஆயா, சூப்பர்" என்றான். கை கழுவிவிட்டு வந்து அந்த அம்மா நித்யாவின் கன்னத்தைத் தொட்டார். என்னிடம் திரும்பி, "பெண்ணை அனுப்பும்போது அந்தப் பெட்டியையும் கூட அனுப்பிவிடுங்கள் பெத்தம்மா" என்றார்.

சம்மதத்தை இதைவிட அழகாக யார் சொல்லிவிட முடியும்?

சிவப்புப் பொட்டுகளை நான் இன்னமும் அழித்துக்கொண்டுதான் இருக்கிறேன், டி.வி.யையும் சேர்த்து. மாவு இப்போது பெட்டிக்குள், வெந்நீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறது. நீங்களும் செய்து பாருங்கள். எதிர் ஃப்ளாட் பெண்ணுக்கும் சொல்லிவிட்டேன். பாவம், அது தன் கையை நொந்துகொண்டிருந்தது.

எதையும் அணைக்கும் முன்னால் மட்டும், அது யாருக்கு என்ன வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கீழ்க்கதவைத் திறந்து ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

இத்தனை குளிர்காலமும் என் கைராசி என்று பெயர் வாங்கியது ரேவதியின் வேலை. இதை அவளிடமே சொல்லிவிடலாம்தான். மாமியாராகி இத்தனை வருடம் கழித்து அதெல்லாம் வாயில் வருமா? அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

போதும் நித்யா. இப்ப மொதல்லேருந்து படிச்சுக் காட்டு. அந்தக் கதவைத் திறந்து வெச்சுட்டு, சத்தமா படிடி... உங்கம்மா சமையல்கட்டுலதான் இருக்கா.