நாற்காலி போட்ட வற்றல் கடை

என் தொடை எலும்பு இரண்டு முறை உடைந்தது. முதல் முறை, மிளகாய் மூட்டை வந்த வண்டியிலிருந்து விழுந்ததில் இடுப்பை ஒட்டி உடைந்தது. மதுரையில், பட்டாளத்திலிருந்து திரும்பியிருந்த ஒரு டாக்டர் உள்ளே இரும்பு ஆணி அடித்து நிறுத்தினார். இனிமேல் தரையில் உட்காரவே கூடாது என்று கண்டித்து அனுப்பினார்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். யுத்தம் முடிந்த அந்தச் சமயத்தில் தூத்துக்குடிக் கடைத்தெருவில் எந்த முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார்? கல்லாப்பெட்டிக்குப் பின்னால் பாயில் சம்மணம் போட்டால்தான் அது கடை. நானோ புருஷன் சாகும்போது விட்டுப்போன மிளகாய் வற்றல் கடையை நடத்தும் பொம்பளை. எவனும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதென்று, கடையை மறுபடி திறந்த காலையில் சம்மணம் போட்டே உட்கார்ந்தேன். எழுந்தபோது ஆணிக்குக் கீழே மளுக்கென்று முறிந்தது.

கொழுந்தனுக்கு ரொம்ப நாளாகவே கடைச் சாவியின் மேல் கண். கட்டிலருகே வந்து நின்றான்.

"மதினி, உள்ள ஏற்கனவே இரும்பு கெடக்கு. மறுபடி அறுத்தா உசிரு போயிரும். நீங்க படுத்துக்கிடுங்க, கடைய நான் பாத்துக்கிடுதேன்."

"ஏலே, உசிரும் என்னுது, கடையும் என்னுது. மதுரைக்குப் போக வண்டி பாரு."

டாக்டர் திட்டித் தீர்த்தார். பிறகு பழைய ஆணிக்குக் கீழே நீளமாக ஒரு தகடு வைத்துத் திருகாணிகளால் முடுக்கினார். அந்தத் திருகாணிகளை முன்னாலேயே காட்டச் சொல்லிப் பார்த்திருந்தேன். காதுத் தோட்டுத் திருகாணிதான், கொஞ்சம் பெரிது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் கடையை விட்டுக்கொடுக்கும் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தபோதும் சாவி என் தலையணைக்கு அடியில்தான் இருந்தது.

ஒரு கால் குட்டையாகி ஊர் திரும்பினேன். துறைமுகத்தில் ஏலத்துக்கு வந்த கப்பல் நாற்காலி ஒன்றை வாங்கி, பாயைச் சுருட்டி எறிந்துவிட்டுக் கடை நடுவில் போட்டேன்.

"ஏளா, நாங்கள்லாம் பாயில இருக்கோம், நீ மட்டும் தொரசானியோ?" என்றார் எதிர்க்கடை அண்ணாச்சி.

"நீங்களும் தொடையில ஆணி அடிச்சிட்டு வாங்க அண்ணாச்சி, சேந்து பாயில உக்காருவோம்."

அதன்பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கொழுந்தன்தான் அடங்கவில்லை. ஒருநாள் நான் தராசருகே நின்றபோது, வந்தவன் நேரே நாற்காலியில் சாய்ந்து கல்லாப்பெட்டியில் கையை வைத்தான். கடை நிறைய ஆட்கள். கம்பை ஊன்றி அவன் முன்னால் போய் நின்றேன்.

"எந்திரிலே. நீ உக்காந்திருக்கது என் கால் மேல."

எழுந்தான். அதற்கப்புறம் என் கடைக்கு வந்தால் நின்றுகொண்டுதான் பேசினான்.