கண்ணி வைக்க அண்ணா போகவில்லை

எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையான அண்ணா, பருத்தித்துறையில் பிறந்து, நாட்டுப் பிரச்சினையால் இளவயதிலேயே நோர்வேக்கு வந்தவர். வடகோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. அங்கே கிடைத்த சிநேகிதர்தான் ஆஸ்லக். அந்த மண்ணின் பூர்வகுடிகளான சாமி இனத்தவர்.

அவரோடு பழகித்தான் அண்ணா வேட்டைப் பரீட்சை எழுதி, பொலிஸ் அனுமதியோடு துவக்கு வாங்கினார். ஊரிலிருந்த அம்மா தொலைபேசியில் கிழித்துவிட்டார்.

"துவக்குக்குப் பயந்து ஓடினனீ, அங்கை போய்த் துவக்கு வாங்கிறியோ?"

"இது காட்டுக்கோழி சுடத்தானம்மா. ஆஸ்லக்குக்கு வேட்டை பரம்பரை உரிமை. எண்டாலும் துவக்குக்கு அவனும் பொலிஸிட்டைத்தான் கேக்கவேணும்."

பிள்ளைகளின் படிப்புக்காக தெற்கே, தலைநகர்ப் பக்கம் ரொம்மனுக்குக் குடிவந்த பிறகும், அண்ணா குளிர்காலம் தவறாமல் வேட்டைக்கு ஒரு கிழமை வடக்கே போவார். எங்களையெல்லாம் இங்கே எடுப்பித்துக் கரைசேர்த்தவர் தனக்கென்று கேட்டது அந்த ஒரு கிழமை மட்டுந்தான்.

பிறகு தலையில் கட்டி வந்தது. வலிப்பும் வந்தது. வைத்தியர் பொலிஸுக்கு அறிவிக்க, துவக்கு அனுமதி ரத்தானது. சட்டம் சரிதான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் துவக்கை ஒப்படைத்துவிட்டு வந்து, சப்பாத்தும் கழற்றாமல் இருந்த அண்ணாவை என்னால் பார்க்க முடியவில்லை.

"இனி எனக்கு அங்கை என்ன வேலை, தங்கச்சி?" என்றார்.

அவரை எழுப்பியது ஆஸ்லக்கின் தொலைபேசிதான். துவக்கு வருமுன்னே அவருடைய முன்னோர் கண்ணி வைத்துத்தான் காட்டுக்கோழி பிடித்தார்கள். அந்த வழக்கம் இன்றும் உண்டு, அதற்குத் துவக்கு அனுமதி வேண்டாம். "நான் கண்ணி கட்டுறன், நீ பக்கத்திலை நில்" என்றாராம். அண்ணா அன்றே கம்பளிச் சட்டைகளை வெயிலில் போட்டார். அண்ணி கூடப் போவதென்றால் சரியென்று வைத்தியரும் சொன்னார். ஆனால் பனி கொட்டத் தொடங்கியபோது அண்ணா படுத்த படுக்கை. தை மாதத்தில் எங்களை விட்டுப் போய்விட்டார்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவன்று, அண்ணாவுக்குப் பிடித்ததெல்லாம் படைக்கும் நேரத்தில், ஆஸ்லக் வாசலில் நின்றார். கையில் இரண்டு காட்டுக்கோழிகள்.

"எங்கடை வீட்டிலை, வேட்டைக்கு வரமுடியாத ஆளுக்கும் பங்கு இருக்கு" என்றார், நோர்வேஜிய மொழியில்.

அண்ணி வாங்கி, தூள் போட்டுக் கறி வைத்தார். அதை இலையில் வைக்கும்போதுதான் கதறினார்.

அண்ணாவைப் பராமரித்த தாதியருக்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்த லோறென்ஸ்கூக்கில் இருக்கும் உறவுகளுக்கும், இன்று அண்ணாவின் ஓராண்டு நினைவான ஆட்டைத் திவசத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கும் எங்கள் நன்றி. ஆஸ்லக்குக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இந்தக் குளிர்காலமும் அண்ணாவின் பங்கை எடுத்து வைத்திருப்பதாக நேற்றுக் கதைத்தார். யாரிடம் கொடுப்பதென்று கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது, அண்ணா.