ஃபிரிட்ஜ்காரர் வீட்டுக் கம்ப்யூட்டர்

சும்மா சொல்லக்கூடாது, ஃபிரிட்ஜ் மெக்கானிக்கைவிடக் கெட்டிக்காரர் அந்தத் தெருவில் யாரும் கிடையாது. நம்பாவிட்டால் அவரையே கேளுங்கள், சாப்பாட்டு நேரம்வரை சொல்லுவார். மகள் பள்ளி நாட்களில் பரிசு வாங்கினாளா? அவளுடைய மேசை விளக்கை அவர் மாட்டிய இடம் அப்படி. பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து நடந்ததா? அவர் சொன்ன யோசனை. மழை பெய்ததற்கு மட்டும்தான் இதுவரை அவர் உரிமை கொண்டாடவில்லை. உட்கார்ந்து கேட்க ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துப் போட்டதை, மகளின் படிப்புக்கென்று அவர்தான் தூக்கி வந்தார். கொஞ்ச நேரம் ஓடும், அடுப்பாகக் கொதிக்கும், பட்டென்று அணைந்துவிடும். போன மாதம் ஒரு கம்பெனி வேலைக்காக மகள் வீட்டிலிருந்தே பரீட்சை எழுதும்போது பாதியில் அணைந்தது. அந்தக் கம்பெனி அதோடு அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இப்போது இன்னொரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. காலை பத்து மணிக்குப் பரீட்சை. கைபேசியில் எழுதக்கூடாது. நடுவில் நின்றால் மறு வாய்ப்பு இல்லை. கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது, சத்தம் வரக்கூடாது.

முந்தின நாள் மகள் கெஞ்சினாள். "கடையில குடுத்துப் பாத்துடலாம்ப்பா."

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், உனக்குக் கடை கேக்குதா? சூடாகுதுன்னா குளிர வைக்கணும். அதுதானே என் தொழிலே!"

பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பின்னால் ஓட்டை, பக்கத்தில் ஓட்டை, அடியில்கூட ஓட்டை. "எந்த மடையன் இதைப் பண்ணினான்? இத்தனை ஓட்டை இருந்தா குளிர்ச்சி எப்படி நிக்கும்?" என்று கம்ப்யூட்டர் செய்தவனை வாய்க்கு வந்தபடி திட்டினார். பிறகு ஃபிரிட்ஜ் கதவுக்கு வைக்கும் ரப்பரையும் ஒட்டும் பட்டையையும் எடுத்து, காற்றுப் போகிற வழி ஒன்று விடாமல் அடைத்தார்.

"இனிமே ஒரு பொட்டுக் குளிர்ச்சி வெளியே போகாது."

"உள்ளே இருந்தாத்தானே வெளியே போறதுக்கு?" என்றாள் மனைவி.

"உனக்கு இதெல்லாம் புரியாது."

மறுநாள் காலை மகள் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தாள். முன்பாவது கொஞ்ச நேரம் ஓடியது. இப்போது திரை வருவதற்குள் செத்தது. அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பட்டைகளைப் பறபறவென்று கிழித்து, பக்கத்து மூடியைக் கழற்றினாள். உள்ளே பஞ்சு மெத்தை மாதிரி தூசி. தூரிகையால் தட்டி எடுத்துப் பார்த்தால், கம்ப்யூட்டருக்கு மூளையான சில்லின்மேல் இருக்கும் குட்டி விசிறி சுற்றவே இல்லை. வேறு வாங்கலாமென்றால் கடை திறக்கவே பத்தரை ஆகும். மேசை விசிறியை வைக்கலாமா? அது லடலடவென்று போடும் கூச்சல் தெருக்கோடிவரை கேட்கும். மெக்கானிக் வீட்டு விசிறி அல்லவா, வருஷக்கணக்காக நாளைக்குச் சரிசெய்யப்படுகிறது.

"இதுவும் போச்சுன்னா நான் என்னப்பா பண்ணுவேன்?" மகள் விசும்பினாள்.

எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கும் மனுஷன் சுற்றுமுற்றும் பார்த்தார். ஓர் அட்டைப்பெட்டியின் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு மேசைக்கு அடியில், திறந்து கிடந்த கம்ப்யூட்டர் பெட்டியருகே நுழைந்தார்.

"நீ எழுது. கேமராவுக்கு நான் தெரிய மாட்டேன்."

பரீட்சை தொடங்கியது. முழங்கால் முகவாயில் இடிக்க அவர் விசிறினார். வலது கை விட்டுப்போனது, இடது கைக்கு மாற்றினார். கால் மரத்தது. அதெல்லாம் தூசு, வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நரக வேதனை. மேலே தட்டச்சுச் சத்தம் நின்றால் இவருக்கு விடை நாக்கு நுனிக்கு வந்துவிடும். கேள்வி என்னவென்று தெரியாது, அது வேறு விஷயம். சட்டைக் காலரைப் பல்லால் கடித்துக்கொண்டு விசிறினார்.

கடைசியில் கேமரா அணைந்தது. "அப்பா, எல்லாம் எழுதிட்டேன். அனுப்பறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குது. யாராவது உதவி செஞ்சாங்களான்னு."

"இல்லைன்னு போடு."

"பொய்தானேப்பா அது?"

"நான் விசிறினது கம்ப்யூட்டருக்கு. எழுதினது நீ. போடும்மா, மறுபடி சூடாகுது."

அவள் போட்டாள். விடைத்தாள் போய்ச் சேர்ந்த செய்தி வந்த கையோடு கம்ப்யூட்டரும் அணைந்தது. மேசைக்கடியிலிருந்து அவரைத் தாயும் மகளுமாகத்தான் இழுத்தெடுக்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் வேலை கிடைத்த செய்தி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தப்பிக்க வழியில்லாமல் வாசலில் மாட்டிக்கொண்டார். நீண்ட கதைக்குத் தயாராக மூச்சை இழுத்துவிட்டுக் கேட்டார்: "இதுவும் உங்க கைவரிசைதானே?"

"அவளே எழுதினா, அவளே வாங்கினா," என்று சொல்லிவிட்டு மெக்கானிக் உள்ளே போய்விட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் பூனைபோல் ஜன்னலோரம் போனார். மெக்கானிக்கின் மனைவியைக் கூப்பிட்டு, அவருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று ரகசியமாக விசாரித்தார்.